பாரம்

பாகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
பல் வைத்தியர் கடைக்கு மேல்மாடியில்
சத்தியப் பிரமாண ஆணையரின் அறை.
ஒரு கையெழுத்துக்கு எத்தனை வெள்ளி என்று
கதவில் ஒட்டியிருக்கிறது.

ஏழு மாதம் அலைந்தேன்.
முதலில் தைப்பூசம் முடியட்டும் என்றாய்.
அப்புறம் பழம் இறங்கும் மாசம் என்றாய்.
அப்புறம் போனை எடுக்கவில்லை.
கடைசியில் மில்லின் எடைமேடையில் பிடித்தேன்,
வரிசையில் மூன்றாவது லாரி,
செம்பனைக் குலைகள் வலையை மீறிப் பிதுங்க
நீ ஸ்டியரிங்மேல் தாளை விரித்து
பசியாறிக்கொண்டிருந்தாய்.

"பாரம் கொண்டாந்திருக்கேன்" என்றேன்.
எடை பார்க்கும் பையன் எட்டிப் பார்த்தான்:
"லாரி எங்கக்கா?"

நீதான் சிரித்தாய்.
சிரித்த வேகத்திலேயே பிடுங்கி
லாரி மூக்கில் வைத்துக் கிறுக்கிக் கொடுத்தாய்,
படிக்காமல், சம்பால் விரலோடு.
அது செல்லாது என்றேன்.
முத்திரை வேண்டும். சாட்சி வேண்டும்.
நீயும் உன் ஐசியும் நானும்
ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்க வேண்டும்.
பதினோரு வருசத்தில் அது எத்தனை தடவை நடந்தது
என்று கேட்க வாய் வந்தது.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

சனிக்கிழமை சவரம் செய்து வந்திருந்தாய்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
திட்டுவதற்கு வாகாக
அழுக்குச் சட்டையில் வருவாய் என்று
பஸ்ஸில் எல்லாவற்றையும் ஒப்பித்து வைத்திருந்தேன்:
கூட்டுப் பணம், அடகுக் கடை,
டினேஸ் பிறந்த ராத்திரி நீ சிரம்பானில் இருந்தது.
ஒன்றைக்கூட நீ கேட்கவில்லை.

ஆணையர் மலாயில் நிதானமாகப் படித்தார்.
ஷர்வினா, ஒன்பது. டினேஸ், ஆறு.
தாயோடு பெர்த் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.
யாரும் வற்புறுத்தினார்களா?
நீ என்னைப் பார்த்தாய்.
நான் காற்றாடியைப் பார்த்தேன்.
"இல்ல துவான்."

எத்தனை காலம் என்ற கட்டத்தில்
நான் முன்பே அடித்து வைத்த சொல்:
கெகால்.
அதன்மேல் விரல் வைத்தாய்.
எவ்வளவு தேய்த்தும் போகாத மில் எண்ணெய்
எழுத்தைச் சுற்றிப் பழுப்பாய் இறங்கியது.
"ரெண்டு வருசம்னு போட முடியாதா?"
"முடியாது."
"அஞ்சு?"
ஆணையர் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்.
வெளியே நிலப்பத்திரத்தோடு ஒரு கிழவர் இருமினார்.
பத்து என்று நீ கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பேன், தெரியவில்லை.
நீ பேனாவை எடுத்துவிட்டாய்.

தமிழில் போட்டாய் கையெழுத்தை.
தோட்டப் பள்ளியில் பழகிய அதே உருண்டை எழுத்து,
கு, ண, சீ,
ல-வுக்கு வரும்போது நாக்கு நுனி
உதட்டோரம் வெளியே வந்தது.
பதினோரு வருசம் கூட இருந்தும்
நீ எழுதி நான் பார்த்ததில்லை.

மூன்று நகல். காசை நீயே கொடுத்தாய்.
படியில் இறங்கும்போது
முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாய்:
"அங்க பள்ளிக்கூடத்துல
பேருக்குப் பின்னால என் பேரைப் போடுவாங்களா?"
பாஸ்போர்ட்டில் இருக்கிறது என்றேன்.
"ஓ."
அதன்பிறகு, மழைக்கு முன்னால்
இன்னொரு நடை அடிக்க வேண்டும் என்று
போய்விட்டாய்.

ரொம்பியன் சாலையில் என் பஸ்ஸை
ஒரு வெறும் லாரி முந்தியது,
குழிக்குக் குழி குதித்துக்கொண்டு.
உன்னுடையது இல்லை. நம்பரைப் பார்த்தேன்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் டினேஸ்
மலாய்ப் பாடம் எழுதிக்கொண்டிருந்தான்,
நாக்கை உதட்டோரம் நீட்டியபடி.
உள்ளே போடு என்று தினமும் அதட்டுவேன்.

பாரத்தைப் பிளாஸ்டிக் உறையில் செருகி
அலமாரி உச்சியில்,
கறையான் ஏறாத இடமாகப் பார்த்து வைத்தேன்.
அவன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்.